முகப்பில் பெயர் இருக்கிறது, ஆள் யார்? 19ஆம் நூற்றாண்டுப் புலவரைத் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு பழைய பிரபந்தம் கையில் சிக்குகிறது. முகப்பில் ஒரு புலவர் பெயர். கூகுளில் போட்டால் ஒன்றுமே வராது, அல்லது அதே பெயரில் ஏழு பேர் வந்து நிற்பார்கள். பழைய அச்சுநூல்களோடு கொஞ்ச காலமாகப் பழகுகிறவன் என்பதால் இதைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் அதிகம். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி ஓய்ந்துபோய், பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது?

முகப்புப் பக்கத்திலிருந்து. பாட்டைப் பிறகு படிக்கலாம். முகப்பில் உள்ள பெயர்களை விட்டுவிட்டு முதலில் வினைச்சொற்களை மட்டும் பாருங்கள். அந்தக் காலத்து முகப்பு ஏறக்குறைய இப்படித்தான் ஓடும்: “இஃது இன்ன ஊரிலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார் இயற்றியதை, இன்ன வித்துவான் அவர்களாற் பார்வையிடுவித்து, இன்னார் விரும்பியபடி, இன்னாரால், இன்னாரது அச்சுக்கூடத்திற் பதிப்பிக்கப்பட்டது.” ஒரே வாக்கியத்தில் ஆறு பேர். இதில் பாடியவர் ஒருவர்தான். அவருக்கு ‘இயற்றிய’, ‘பாடிய’, ‘செய்த’ என்ற சொற்களில் ஒன்று வரும். ‘பார்வையிட்ட’, ‘பரிசோதித்த’ என்றால் பிழை திருத்தியவர். ‘விரும்பியபடி’, ‘வேண்டுகோளின்படி’ என்றால் பெரும்பாலும் பணம் கொடுத்தவர். ‘பதிப்பித்த’ என்றால் வெளியிட்டவர்.

என்னிடம் வருகிற குழப்பங்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது. எழுத்து பெரிதாக அடித்திருக்கிற பெயரையே புலவர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெரிய எழுத்து பல நேரம் காசு கொடுத்தவருக்குப் போயிருக்கும். யாரைக் குறை சொல்ல?

முகப்பில் உள்ள பட்டம், அடைமொழி எல்லாம் புலவரே போட்டுக்கொண்டதா?

பெரும்பாலும் இல்லை. தொழுவூர் வேலாயுத முதலியார் 1867இல் திருவருட்பாவை அச்சிட்டபோது ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்ற பெயர் மாணவர் பக்கத்திலிருந்து வந்தது. ‘இராமலிங்கசாமி’ என்று தம்மை வழங்குவதுகூடத் தமக்குச் சம்மதமில்லை என்றவர் வள்ளலார். தம் கையெழுத்தைச் ‘சிதம்பரம் இராமலிங்கம்’ என்றே போட்டார். இவ்வளவு புகழ்பெற்ற ஒருவர் விஷயத்திலேயே முகப்பு ஒன்று சொல்ல, கையெழுத்து வேறொன்று சொல்கிறது. ஆகவே வீட்டில் கடிதமோ பத்திரமோ இருந்தால் அதில் அவர் எப்படிக் கையெழுத்திட்டார் என்று பார்த்து அந்தப் பெயரிலும் தேடுங்கள்.

பெயருக்கு முன்னால் இருக்கும் ஊர்தானே அவருடைய சொந்த ஊர்?

ஆத்திரப்படாதீர்கள். முதலில் அது எந்த ஊர் என்று முடிவுசெய்ய வேண்டும். புலவர்களுக்கு ஊர்ப் பெயரைச் சுருக்குவதில் அலாதி ஆசை.

‘சிங்கை’யை எடுத்துக்கொள்ளுங்கள். பொதிகை அடிவாரத்து விக்கிரமசிங்கபுரத்துக்குச் சிங்கை என்று பெயர். அவ்வூர் நமச்சிவாயக் கவிராயர் பாடியதுதான் ‘சிங்கைச் சிலேடை வெண்பா’. யாழ்ப்பாணத்தை ஆண்ட அரசர்களைச் சிங்கையாரியர் என்பார்கள். அங்கே சிங்கைநகர் அவர்களுடைய தலைநகரம். கடல் தாண்டினால் சிங்கப்பூரும் சிங்கைதான். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சதாசிவ பண்டிதர் 1887இல் சிங்கப்பூரில் ‘சிங்கைநகர் அந்தாதி’ வெளியிட்டார். நூலின் பெயரை மட்டும் ஒரு பட்டியலில் பார்க்கிறவர், புலவரும் யாழ்ப்பாணத்தார், சிங்கைநகரும் யாழ்ப்பாணத்துப் பழைய தலைநகர் என்று கணக்குப் போட்டு நிம்மதியாகத் தவறு செய்யலாம். அச்சிட்ட இடம் சிங்கப்பூர் என்ற ஒரு வரிதான் காப்பாற்றும்.

‘புதுவை’ என்றால் புதுச்சேரி என்று கை தானாக எழுதிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அதே பெயர் உண்டு. பெரியாழ்வாரே புதுவைக்கோன்தான். ‘கோவை’ இன்னும் மோசம். அது கோயம்புத்தூரா, அகப்பொருள் கோவை என்ற நூல்வகையா என்று பார்த்த பிறகுதான் மேலே போக முடியும்.

ஊர் உறுதியானாலும், அது பிறந்த ஊரா, குடியிருந்த ஊரா, உத்தியோகம் பார்த்த ஊரா என்ற கேள்வி பாக்கி. மாயூரம் வேதநாயகம் பிள்ளை பிறந்தது திருச்சிராப்பள்ளி அருகே குளத்தூரில். மாயூரம் அவர் முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, இருந்த ஊர்.

ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால்?

இருந்தால் என்ன, இருப்பார்கள் என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

இந்த வேதநாயகத்தையே பாருங்கள். தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இருந்தார். மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை (1826–1889) இருந்தார். இருவரும் கிறிஸ்தவர்கள், இருவரும் காவிரிக்கரைக்காரர்கள், இருவரும் கீர்த்தனை பாடினார்கள். ‘வேதநாயகம் கீர்த்தனை’ என்று மேலட்டையில் பேனாவால் எழுதிய, முகப்பு இல்லாத நூல் கிடைத்தால் யாருடையது என்பீர்கள்? சாஸ்திரியார் சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்த சீர்திருத்தச் சபைக்காரர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். பிள்ளை கத்தோலிக்கர், ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ பாடியவர், ‘பிரதாப முதலியார் சரித்திர’மும் எழுதினார். பாட்டில் பைபிள் கதைகள் கொட்டிக்கிடந்தால் சாஸ்திரியார் பக்கம் சாயலாம். கடவுளுக்கு ஒரு சமயத்தின் பெயரும் சூட்டாமல், ஊடே லஞ்சம் வாங்கும் உத்தியோகஸ்தரையும் இடித்தால் முன்சீப் பக்கம் சாயலாம். சாயலாம் என்றுதான் சொல்கிறேன். பாட்டின் குணத்தை வைத்து ஆளை முடிவுசெய்வது கடைசி வழி.

இரண்டு பாரதிகள் கதையும் உண்டு. கோபாலகிருஷ்ண பாரதி ஒருவர், கவிகுஞ்சர பாரதி ஒருவர். இருவரும் ஏறத்தாழ 1810ஐ ஒட்டிப் பிறந்து 1896இல் மறைந்தவர்கள் என்றே நூல்கள் சொல்கின்றன. இருவரும் கீர்த்தனை நாடகம் பாடினார்கள். முன்னவருக்கு நந்தனார் சரித்திரம், பின்னவருக்குக் கந்தபுராணம். பாட்டுப் புத்தகங்களில் ஒருவர் வரிக்குப் பக்கத்தில் மற்றவர் பெயர் ஏறினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பட்டப்பெயர் மட்டும்தான் தெரிகிறது. இயற்பெயரை எப்படிப் பிடிப்பது?

பேரப்பிள்ளையைப் பிடியுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. ‘கவிகுஞ்சரம்’ என்பது சிவகங்கை அரசர் கொடுத்த பட்டம்; குஞ்சரம் என்றால் யானை. அந்த யானை இயற்பெயரை முழுதாக விழுங்கிவிட்டது. அவர் இயற்பெயர் கோடீசுவர பாரதி. மகள் வயிற்றுப் பேரனுக்குத் தாத்தா பெயரையே வைத்தார்கள். அவர்தான் கர்நாடக இசையின் 72 மேளகர்த்தா ராகங்களிலும் தமிழில் பாடிய கோடீசுவர ஐயர். தாத்தா பெயர் பேரனுக்கு வருகிற நம் வழக்கம், இந்த மாதிரித் தேடலில் எத்தனையோ ஆவணங்களைவிடப் பயன்படும்.

அதே வழக்கம் கழுத்தையும் அறுக்கும். தாத்தாவும் பேரனும் ஒரே பெயரில் பாடியிருந்தால் இருவரையும் ஒருவராக்கி நூறு வயசு கொடுத்துவிடுவோம்.

சூபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபுக்கு ஊரும் பட்டமும் சேர்ந்தே பெயராகிவிட்டது. இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிறு.

பாட்டின் கடைசி அடியில் ஒரு பெயர் வருகிறது. அது புலவர் பெயர்தானே?

முத்திரை என்கிறார்களே, அதைக் கேட்கிறீர்கள். காவடிச்சிந்தில் ஓர் இடம்:

சென்னி குளநகர் வாசன் – தமிழ்
தேறும் அண்ணாமலை தாசன்

ஊரும் பெயரும் ஒரே மூச்சில். சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளம், அண்ணாமலை ரெட்டியார். 1865இல் பிறந்து 1891இல் போய்விட்டார். இருபத்தாறு வயசுக்குள் இந்தச் சிந்து. ஆனால் இவரைத் தெரியாத ஒருவர் இந்த அடியை மட்டும் பார்த்தால்? ‘சென்னி’யைச் சென்னை என்று படிக்கலாம். ‘அண்ணாமலை தாசன்’ என்றால் திருவண்ணாமலை ஈசனுக்கு அடியவன், ஆக இது புனைபெயர் என்று நினைக்கலாம். இங்கே அண்ணாமலை அவருடைய சொந்தப் பெயர். தாசன் பணிவுக்கும் அடிக் கடைசியின் இயைபுக்கும் வந்த ஒட்டு.

இன்னொரு தாசனைப் பாருங்கள். கோடீசுவர ஐயரின் முத்திரை ‘கவிகுஞ்சர தாசன்’. இந்தத் தாசனுக்கு முன்னால் இருப்பது தாத்தாவின் பட்டம். ஒரே ஒட்டு, இரண்டு வேலை. அதனால் முத்திரையை மட்டும் வைத்துப் பெயரை முடிவுசெய்யாதீர்கள். முகப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

‘யுவ௵ தை௴’ என்று போட்டிருக்கிறது. இது என்ன?

௵ என்றால் வருஷம், ௴ என்றால் மாதம், ௳ என்றால் தேதி. ௲௮௱௭௰௬ என்று இருந்தால் 1876. ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. இந்த ஆறு குறிகளையும் மனப்பாடம் செய்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அறுபது வருஷச் சக்கரத்துக்கு எனக்கு ஒரு நங்கூரம் உண்டு: தாது வருஷப் பஞ்சம். நம் பாட்டிமார் வரைக்கும் பேசிய அந்தத் தாது 1876. அதிலிருந்து பின்னால் எண்ணினால் யுவ 1875, பவ 1874. முதல் வருஷமான பிரபவ 1867. அறுபது கழித்தால் பழைய சுற்று: பிரபவ 1807, பவ 1814, தாது 1816.

அடுத்ததுதான் எல்லோரும் விழுகிற பள்ளம். நானும் விழுந்திருக்கிறேன், அச்சில் வந்த பிறகுதான் தெரிந்தது. தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது. மார்கழி பாதிக்குமேல், தை, மாசி, பங்குனி எல்லாம் ஆங்கிலக் கணக்கில் அடுத்த ஆண்டு. உ. வே. சாமிநாதையர் பிறந்தது ஆனந்த வருஷம் மாசி மாதம். ஆனந்த என்றால் 1854 என்று எழுதினால் தப்பு. மாசி என்பதால் 1855 பிப்ரவரி. அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பவ வருஷம் பங்குனியில் பிறந்தார். பவ 1814, ஆனால் பிறந்த நாள் 1815 ஏப்ரல் 6. அவர் காலமானது யுவ வருஷம் தை மாதம், அதாவது 1876 பிப்ரவரி 1. ஆசிரியர் பிறப்பு, இறப்பு, மாணவர் பிறப்பு மூன்றும் அதே பள்ளத்தின் விளிம்பில்தான் நிற்கின்றன.

நெல்லை, நாஞ்சில் பக்கம் கொல்லம் ஆண்டு போட்டிருப்பார்கள். ஆங்கில ஆண்டு கிடைக்க 825 கூட்டுங்கள். ஆவணிக்கும் மார்கழிக்கும் இடையில் என்றால் 824. நிலப் பத்திரங்களில் பசலி ஆண்டு இருக்கும், அதற்கு 590. ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடையில் என்றால் 591. சக வருஷத்துக்கு 78.

வருஷப் பெயர் மட்டும் இருக்கிறது. 1816ஆ, 1876ஆ என்று எப்படித் தெரியும்?

பாட்டுக்குள்ளே தேடுங்கள். ரயில் வந்தால் 1856க்கு முன் இருக்க முடியாது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் வண்டி போனது அந்த வருஷம் ஜூலையில். விக்டோரியாவைச் ‘சக்கரவர்த்தினி’ என்று பாடியிருந்தால் பெரும்பாலும் 1877க்குப் பிறகு. ராணி என்று மட்டும் இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. முகப்பில் அல்லது பாயிரத்தில் (நூலுக்கு முன்னால் வரும் முன்னுரைப் பாட்டு) ‘சென்னைக் கல்விச்சங்கத்துப் புலவர்’ என்று யாராவது கையெழுத்திட்டிருந்தால், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கம்பெனியார் நடத்திய அந்தக் கல்லூரி 1812இல் தொடங்கி 1854இல் மூடப்பட்டது என்பது நினைவிருக்கட்டும். அச்சுக்கூடத்தின் சொந்தக்காரர் தமிழர் என்றால் 1835க்குப் பிறகாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. அந்த வருஷம்தான் அச்சகம் வைப்பதற்கிருந்த கெடுபிடிகள் தளர்ந்தன.

ஜமீன்தாரைப் பாடியிருந்தால் நல்ல அதிர்ஷ்டம். புலவர் எப்போது வாழ்ந்தார் என்று யாரும் எழுதி வைக்காவிட்டாலும், ஜமீன் எப்போது யார் கைக்கு வந்தது என்பதைக் கலெக்டர் கச்சேரியில் எழுதி வைத்திருப்பார்கள். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் இல்லாமல் அண்ணாமலை ரெட்டியாரின் காலத்தைப் பேச முடியாது.

முன்னால் பத்துப் பக்கம் சாற்றுகவி இருக்கிறது. அதைப் படிக்கத்தான் வேண்டுமா?

நூலை விட்டாலும் அதை விடாதீர்கள். சாற்றுகவி என்பது நண்பர்களும் பெரியவர்களும் நூலைப் புகழ்ந்து கொடுத்த பாட்டுகள். கவிதையாகப் பார்த்தால் முக்கால்வாசி சோற்றுக்கு உதவாது. அவற்றின் தலைப்புகள்தான் தங்கம். இன்ன ஊர் இன்னார் மாணாக்கர், இன்ன பள்ளி உபாத்தியாயர், இன்ன கச்சேரி குமாஸ்தா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி முகவரி இருக்கும். ஒன்பது பேரில் ஏழு பேர் ஒரே வட்டாரம் என்றால், புலவரும் அந்த வட்டாரத்தில்தான் உலாவியிருக்கிறார். ஒருவர் நூலுக்கு இவர் கொடுத்த சாற்றுகவி, அவர் இவருக்குத் திருப்பிக் கொடுத்தது என்று கோத்துக்கொண்டே போனால் ஒரு கூட்டமே கண்ணுக்குத் தெரியும்.

மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் இப்படிப் புகழ்ந்து ஒரு பாயிரம் வாங்குவது சுலபமில்லை என்பதற்கு ஒரு கதை. கோபாலகிருஷ்ண பாரதி தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு நடந்தார். இலக்கணப் பிழைகள் இருக்கின்றனவே என்று பிள்ளை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். ஒருநாள் பாரதி காத்திருக்கும் நேரத்தில் தம் பாட்டைத் தாமே பாட, கேட்டு உருகிப் பாயிரம் கொடுத்தார். உ. வே. சா. எழுதி வைத்தது இது. ஒரு பாயிரம் இருக்கிறது என்றால் இரண்டு பேரும் நேரில் பார்த்திருக்க நல்ல வாய்ப்பு, இருவரும் அப்போது உயிரோடிருந்தார்கள். பிள்ளையின் பாயிரம் இருந்தால், முகப்பில் என்ன ஆண்டு போட்டிருந்தாலும் நூல் எழுதி முடிந்தது 1876 பிப்ரவரிக்கு முன்.

குணங்குடியார்மீது நான்மணிமாலை பாடியவர் திருத்தணிகை சரவணப்பெருமாளையர். ஒரு வீரசைவ வித்துவான் சூபி ஞானியைப் பாடியிருக்கிறார். ‘ஐயர்’ என்று முடிவதால் அவரைப் பிராமணர் கணக்கில் எழுதிவிடாதீர்கள். வீரசைவர்களுக்கும் அந்தப் பட்டம் உண்டு. உங்கள் புலவரின் சாதியை வால்பெயரைக் கொண்டு முடிவுகட்டும் முன்பு இதையும் யோசியுங்கள்.

புலவர் சரித்திர நூல்களை நம்பலாமா?

அரை மனசோடு நம்பலாம். சைமன் காசிச்செட்டியின் ‘தமிழ் புளூட்டார்க்’ 1859இல் வந்தது, ஆங்கிலத்தில். ஆர்னல்ட் சதாசிவம் பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ 1886இல் வந்தது. (இவர் மானிப்பாய்க்காரர். மேலே சொன்ன சதாசிவ பண்டிதர் வேறு. பார்த்தீர்களா, அதே யாழ்ப்பாணம், அதே பத்தாண்டு, இரண்டு சதாசிவம்.) இவர்கள் தம் காலத்தவரைப் பற்றி, அதிலும் ஈழத்துப் புலவர்களைப் பற்றிச் சொல்வதற்கு மதிப்பு அதிகம். பழங்காலப் புலவர் பகுதிக்கு வரும்போது கேள்விப்பட்ட கதைகளும் கலந்திருக்கும். மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் இலக்கியம்’ (1962) கையில் இல்லாமல் இந்த வேலைக்கு இறங்க வேண்டாம்.

தனிப்பாடல் கதைகளை, அதாவது யாரோ வறுமையில் பாடினார், ஜமீன்தார் பொற்காசு கொடுத்தார் வகையறாவை, ரசித்துவிட்டு வைத்துவிடுங்கள்.

அரசாங்க ஆவணம் ஏதாவது உண்டா?

உண்டு. பலருக்குத் தெரியாது என்பதுதான் வருத்தம். 1867இல் அச்சகம், புத்தகப் பதிவுச் சட்டம் வந்தது. அச்சான ஒவ்வொரு நூலின் பிரதியையும் அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அதை வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வெளியிட்டார்கள். நூல் பெயர், ஆசிரியர், அச்சிட்டவர், வெளியிட்டவர், தேதி, பக்கம், அளவு, எத்தனையாம் பதிப்பு, எத்தனை பிரதி, விலை, உரிமை யாருக்கு என்று எல்லாம் இருக்கும். இரண்டணாப் பாட்டுப் புத்தகத்துக்கும் இதே மரியாதை. அதற்கு முந்தைய காலத்துக்கு ஜான் மர்டாக் 1865இல் தொகுத்த பட்டியல். பிரிட்டிஷ் மியூசியத்தில் சேர்ந்த தமிழ் நூல்களுக்குப் பார்னெட்டும் ஜி. யு. போப்பும் 1909இல் போட்ட பட்டியல்.

இவை எல்லாம் ஆங்கில எழுத்தில் இருக்கும். ஒரே பெயரை ஐந்தாறு விதமாக எழுத்துக்கூட்டிப் பார்க்க வேண்டும். ழகரம் உள்ள பெயர் என்றால் பத்து விதம்.

எந்த நூலகம்?

சென்னையில் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பெசன்ட் நகர் உ. வே. சா. நூலகம், மறைமலையடிகள் நூலகம், கன்னிமாரா. ஓலை என்றால் தஞ்சை சரசுவதி மகால், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம். வீட்டிலிருந்தே பார்க்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம்.

எங்கள் கொள்ளுத்தாத்தா பெரிய புலவர் என்று வீட்டில் சொல்வார்கள். நிரூபிக்க முடியுமா?

வீட்டுப் பேச்சில் ஊர், உறவுமுறை, குலதெய்வம் மூன்றும் பெரும்பாலும் சரியாக இருக்கும். காலமும் புகழும் ஊதிப் பெருத்திருக்கும். அதனால் முதல் மூன்றை எடுத்துக்கொண்டு ஆவணம் தேடுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம், கோயில் மரியாதைக் கணக்கு, பழைய ஜாதகம் எதுவானாலும் சரி. வீட்டு ஆவணம் ஒன்றும் அச்சு ஆதாரம் ஒன்றும், ஒன்றையொன்று பார்த்து எழுதப்படாதவை, தகப்பன் பெயரில் ஒத்துப்போனால் நான் ஒப்புக்கொள்வேன். பேரன் 1950இல் அச்சிட்ட நூலின் முன்னுரையும் வீட்டுப் பேச்சும் ஒத்துப்போவது கணக்கில் வராது. இரண்டும் ஒரே வாய்.

என்னிடம் இருக்கும் நூலில் முகப்பே இல்லை. எட்டுப் பக்கம் கிழிந்து போயிருக்கிறது.

கையை விரிக்க வேண்டாம். கடைசிப் பக்க எண்ணைக் குறியுங்கள். தாளின் நீள அகலத்தை அளந்து வையுங்கள். பக்கங்களின் தலையில் நூல் பெயர் சிறிய எழுத்தில் ஓடுகிறதா பாருங்கள். காப்பு வெண்பா (தொடக்கத்தில் கடவுளை வேண்டும் பாட்டு) இருந்தால் முதல் அடியை எழுதிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன காலாண்டுப் பட்டியலில் பக்கமும் அளவும் இருக்கிறதல்லவா? நூல்வகை தெரிந்து, பக்க எண்ணிக்கையும் பொருந்தினால் தேட வேண்டியது நாலைந்து நூல்களாகச் சுருங்கும். பிறகு அவற்றின் பிரதி எந்த நூலகத்தில் இருக்கிறதென்று கண்டுபிடித்து, காப்புச் செய்யுளை ஒத்துப் பாருங்கள். மிஞ்சிய பக்கங்களைப் படம் எடுத்து வையுங்கள், பின்னட்டை விளம்பரம் உட்பட. அதே அச்சுக்கூடத்து வேறு நூல்களின் விலைப்பட்டியலில் உங்கள் நூலே ஒரு வரியாக இருக்கலாம்.

தயவுசெய்து கிழிசலுக்குச் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். பத்து வருஷத்தில் பசை பழுத்து எழுத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும்.